அடங்க மறுக்கும் படர்தாமரை... டிஎன்ஏ காட்டிக்கொடுத்த புதிய பூஞ்சை!

பாவாடை நாடா இறுக்கும் இடுப்பு, தொடை இடுக்கு, அக்குள் என்று வியர்வை தங்கும் இடங்களில் வட்டமாகச் சிவக்கும். ஓரம் மட்டும் தடித்திருக்கும். ராத்திரியில் தூங்கவிடாமல் அரிக்கும். `படர்தாமரைதானே' என்று மெடிக்கலில் ஒரு ட்யூப் வாங்கிப் பூசுவோம். முன்பெல்லாம் சில வாரங்களில் அடங்கிவிடும். இப்போதோ பல வீடுகளில் மாதக்கணக்கில் நீடிக்கிறது. அப்பாவுக்குக் குறைந்தால் அம்மாவுக்கு வருகிறது, அடுத்து பிள்ளைகளுக்கு.

மருந்து மாறவில்லை, நாமும் மாறவில்லை. அப்படியென்றால் என்னதான் மாறியது? பூஞ்சையே மாறிவிட்டது என்கிறது அறிவியல். அதற்கு 2020-ம் ஆண்டில் ஒரு தனிப்பெயரும் சூட்டப்பட்டது. அந்தப் பெயரில் நம் நாடும் ஒட்டிக்கொண்டிருக்கிறது: `ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே'.

உருவத்தை நம்பி ஏமாந்த கதை

படர்தாமரைக்குக் காரணம் புழு அல்ல, பூஞ்சை. பாரிஸைச் சேர்ந்த தோல் மருத்துவர் ரேமண்ட் சபுரோ, 1910-ல் இந்தப் பூஞ்சைகளைத் தனித்தனியாக வகைப்படுத்தி ஒரு பெரிய நூலே எழுதினார். தோலில் எப்படித் தெரிகிறது, ஆய்வகத் தட்டில் என்ன நிறத்தில் வளர்கிறது, மைக்ராஸ்கோப்பில் எப்படி இருக்கிறது என்பவைதான் அவருடைய அளவுகோல்கள். இன்றும் ஆய்வகங்களில் பூஞ்சை வளர்க்கும் ஊடகம் அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது.

ஆனால், உருவம் பல நேரங்களில் ஏமாற்றும். இரட்டைப் பிள்ளைகளை யூனிஃபார்மில் பார்த்தால் எது மூத்தது, எது இளையது என்று டீச்சருக்குக் குழப்பம் வருமே, அப்படித்தான். `மென்டாக்ரோஃபைட்டிஸ்', `இன்டர்டிஜிடேல்' என்ற இரு நெருங்கிய உறவுப் பூஞ்சைகளை மைக்ராஸ்கோப்பை மட்டும் வைத்துப் பிரிப்பது நிபுணர்களுக்கே கடினம்.

இங்கேதான் டிஎன்ஏ உதவிக்கு வந்தது. பூஞ்சையின் டிஎன்ஏவில் `ஐ.டி.எஸ்' என்றொரு சிறு பகுதி உண்டு. பெரும்பாலும் இனத்துக்கு இனம் மாறுபடும் இந்தப் பகுதியை, பூஞ்சைகளின் `பார்கோடு' என 2012-ல் ஆய்வாளர்கள் ஏற்றுக்கொண்டார்கள். கடையில் சோப்புக்கட்டியை ஸ்கேன் செய்வதுபோல, இந்தப் பகுதியைப் படித்தால் பூஞ்சை யாரென்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

எட்டாம் எண்ணுக்குப் பெயர் வந்தது

இந்தியாவில் நீண்டகாலம் `ரூப்ரம்' என்ற பூஞ்சையே படர்தாமரைக்கு முக்கியக் காரணமாக இருந்தது. சென்ற பத்தாண்டுகளில் அந்த இடத்தை மென்டாக்ரோஃபைட்டிஸ் குடும்பம் பிடித்துக்கொண்டது. இந்திய நோயாளிகளின் மாதிரிகளை எடுத்து பார்கோடைப் படித்தபோது, பெரும்பாலானவை ஒரே மாதிரி இருந்தன. அந்தக் குடும்பத்தின் மரபணு வகைகளுக்கு எண் கொடுப்பது வழக்கம். இதற்குக் கிடைத்த எண் எட்டு.

2020-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள், தங்கள் நாட்டில் சிகிச்சைக்கு வந்த இந்திய, நேபாள நோயாளிகளிடமிருந்து எடுத்த பூஞ்சையை ஆராய்ந்து, `இது தனி இனம்' என்று அறிவித்தார்கள். இந்தியாவைக் குறிக்கும் `இண்டோ'வையும், படர்தாமரையின் மருத்துவப் பெயரான `டினியா'வையும் சேர்த்துப் பெயர் வைத்தார்கள்.

ஓர் எழுத்து மாறினால் போதும்

படர்தாமரைக்கு அதிகம் தரப்படும் மருந்துகளில் ஒன்று டெர்பினஃபைன். பூஞ்சை தன் செல் சுவரை ஒட்டிய சவ்வைக் கட்டுவதற்கு ஒரு நொதி தேவை. அந்த நொதியைப் பிடித்து முடக்குவதுதான் இந்த மருந்தின் வேலை. இண்டோடினியே பூஞ்சைகள் பலவற்றில், அந்த நொதிக்கான மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. பூட்டின் உள்ளே ஒரு பல் தேய்ந்தால் பழைய சாவி நுழையாது இல்லையா? அதேபோல மருந்தால் நொதியைப் பிடிக்க முடிவதில்லை.

எல்லா இண்டோடினியேவும் இப்படி அல்ல. டெர்பினஃபைனுக்கு அடங்குபவையும் உண்டு. அடங்காதவர்களுக்குப் பெரும்பாலும் இட்ராகோனசோல் என்ற மாத்திரையை மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள்.

2023 மே மாதம், அமெரிக்காவில் முதன்முதலாக இரண்டு பேருக்கு இந்தப் பூஞ்சை இருப்பதாக அறிவிக்கப்பட்டது. இருவருமே நியூயார்க் பெண்கள். ஒருவருக்கு பங்களாதேஷ் போயிருந்தபோது வந்தது. மற்றவர் 28 வயது கர்ப்பிணி, வெளிநாடு எங்கும் போகாதவர். பிரசவத்துக்குப் பிறகு டெர்பினஃபைன் கொடுத்தும் பலனில்லை. நான்கு வார இட்ராகோனசோலில்தான் குணமானார். உருவத்தை மட்டும் பார்த்திருந்தால், `இது வேறு பூஞ்சை' என்பதே தெரிந்திருக்காது.

இன்னும் முடியாத பஞ்சாயத்து

`இது தனி இனமே இல்லை, மென்டாக்ரோஃபைட்டிஸின் ஒரு கிளைதான்' என்று வாதிடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். முழு மரபணுத் தொகுதியையும் ஒப்பிட்டால் இவற்றுக்குள் வித்தியாசம் மிகக் குறைவு என்பது அவர்கள் வாதம். `மனிதர்களிடையே வேகமாகப் பரவுகிறது, மருந்தை எதிர்க்கிறது. சிகிச்சைக்காகவாவது தனிப்பெயர் வேண்டும்' என்பது எதிர்த்தரப்பு. நோய்களுக்கு ஊர், நாட்டின் பெயரைச் சூட்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-லேயே கேட்டுக்கொண்டது. ஆனால் அது நோயின் பெயருக்கான அறிவுரை. கிருமியின் அறிவியல் பெயருக்கு வேறு விதிகள்.

ட்யூபைத் திருப்பிப் பாருங்கள்!

பெயர்ச் சண்டை எப்படி முடிந்தாலும், நம் கையில் ஒன்று இருக்கிறது. இந்தப் பூஞ்சை இங்கே இவ்வளவு பரவியதற்கு ஸ்டீராய்டு கலந்த க்ரீம்களும் முக்கியக் காரணம் என்று தோல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். அரிப்பும் சிவப்பும் சட்டென்று குறையும். ஆனால் தோலின் எதிர்ப்பு மட்டுப்படுவதால் பூஞ்சை உள்ளே சொகுசாக வளரும். 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை, மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கலாம் என்ற பட்டியலுக்குள் கொண்டுவந்தது.

வீட்டில் இருக்கும் ட்யூபில் க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற பெயர்கள் இருந்தால் படர்தாமரைக்கு நீங்களாகப் பூசாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மாத்திரையும் வேண்டாம். தோல் மருத்துவரிடம் போங்கள். தோலைச் சுரண்டி எடுத்துப் பார்க்கும் எளிய பரிசோதனையிலேயே அது பூஞ்சையா என்று தெரிந்துவிடும். அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்தாமல், அவர் சொன்ன நாள்வரை தொடருங்கள். வீட்டில் யாருக்கு அரிப்பு இருந்தாலும் சேர்ந்தே சிகிச்சை எடுங்கள். துண்டு, சோப்பு, உள்ளாடை ஆளுக்கொன்றாக இருக்கட்டும். துணிகளை வெயிலில் நன்றாகக் காயவையுங்கள்.

முன்பு உங்களுக்கு வந்த படர்தாமரையும் இப்போது வந்திருப்பதும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கலாம். உள்ளே இருக்கும் பூஞ்சை வேறாக இருக்கலாம்!