அறுத்தெடுத்த கட்டியும் நுண்ணோக்கியின் சாட்சியமும்

தோலுக்கடியில் திரளும் கட்டியை அரபு மருத்துவ நூல்கள் ‘ஸில்ஆ’ என்று குறிக்கும். இப்னு ஸீனா (980–1037) உள்ளீட்டை நோக்கி அதனைக் கொழுப்புக் கட்டி, தேனொத்த கட்டி என்றெல்லாம் பிரித்தார். கண்ணுக்கும் கைக்கும் எட்டியவரை அது சரியே. உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பகுப்பிலோ மென்திசுக் கட்டிகள் நூறு வகைக்கு மேல் உள்ளன. பெரும்பாலானவை தீங்கற்றவை. சார்க்கோமா எனும் புற்றுவகை பெரியவர்களின் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஒன்று அளவே. அரிது என்பதாலேயே அது வெறும் கொழுப்புக் கட்டியென்று விடப்படுகிறது.

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் ஆலிம்களிடம் வரும் வினா ஒன்றுண்டு: அறுத்தெடுத்த கட்டியை உடனே அடக்கிவிட வேண்டுமா? உடலின் பகுதியை அடக்குவது கண்ணியமே. இமாம் நவவி (ரஹ்) போன்றோர் அதனை விரும்பத்தக்கது என்றனரேயன்றி, சிகிச்சைக்குத் தடையாக்கவில்லை. ஆய்வுக்குமுன் கட்டியை அடக்குவது, வழக்கு முடியுமுன் சாட்சியைப் புதைப்பதாகும்.

வெட்டிய கணமே திசு கெடத் தொடங்கும். உப்புநீர் போதாது, கட்டியைப்போல் பத்து மடங்கு ஃபார்மலின் கரைசல் வேண்டும். பின்னர் மெழுகில் பதித்து, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நான்கு பங்கு கனத்தில் சீவிச் சாயமேற்றுவர். உட்கரு நீலமாகவும் ஏனையவை இளஞ்சிவப்பாகவும் தெரியும். சிக்கல் இங்கேதான். நரம்புறையில் பிறந்த கட்டியும் தசையில் பிறந்ததும் கதிர்போல் நீண்ட செல்களாய் ஒரே தோற்றம் காட்டக்கூடும். எனவே குறிப்பிட்ட புரதத்தை மட்டும் பற்றும் எதிர்ப்பொருள்களால் மீண்டும் சாயமேற்றுகின்றனர். டெஸ்மின் பழுப்பாகத் தெரிந்தால் தசையையும், எஸ்-100 தெரிந்தால் நரம்புறையையும் எண்ணுவர். ஆனால் மெலனோமா என்ற வேறொரு புற்றும் எஸ்-100 காட்டும்! ஒரு சாட்சியை மட்டும் நம்பித் தீர்ப்பளிக்கலாகாது என்பது ஃபிக்ஹு பயின்றோர்க்குப் புதிதன்று. முதிர்ந்த கொழுப்பாகவே தோன்றும் கட்டியில் எம்.டி.எம்.2 மரபணு பெருகியிருப்பின், அது சாதாரணக் கொழுப்புக் கட்டி அன்று.

அரியலூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. எல்லா உயர்சோதனையும் அருகில் இல்லாவிடினும் கவலையில்லை. மெழுகுக் கட்டை பல்லாண்டு கெடாது. நோயாளி வீட்டிலிருக்க, அடையாறு புற்றுநோய் நிலையம் போன்ற இடங்களுக்கு அது மட்டும் செல்லலாம். அக்கட்டையையும் கண்ணாடித் தகடுகளையும் பற்றிக் கேட்டறிவோர் நம்மில் மிகக் குறைவு.

ஐந்து சென்டிமீட்டருக்கு மேற்பட்ட, ஆழத்திலுள்ள, அல்லது வளர்ந்துவரும் கட்டியாயின், அறுவைக்கு முன்பே ஊசியால் சிறுதுண்டெடுத்துப் பார்ப்பதே முறை. ஊசி பட்டால் பரவிவிடும் என்ற அச்சம் மிகையானது. எஞ்சிய திசுவை அடக்க விரும்புவோர் அதனை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். ஃபார்மலினில் ஊறியதை வெறுங்கையால் தொடலாகாது.