எந்த மொழியில் சோதித்தார்கள்?

பசிக்கும்போது, "சாப்பிடுறியா?" என்று அம்மாவிடம் வந்து நிற்கும் குழந்தைகள் உண்டு. அம்மா தினமும் கேட்பதை அப்படியே திருப்பிச் சொல்லித் தனக்கு வேண்டியதைக் கேட்கிறது குழந்தை. ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலரிடம் காணப்படும் பேச்சு முறை இது. மதிப்பிடுகிறவருக்குத் தமிழ் தெரியாவிட்டால், "பேசுகிறானே!" என்று அதைத் தாண்டிப் போய்விடுவார்.

தெற்கு அந்தமானில், ஜாலி பாய் தீவுக்குப் படகேறும் வண்டூர் போன்ற ஊர்களில் இந்தக் கவலை கூடுதல். தமிழ் பேசும் வீட்டுக்கு அடுத்த வீட்டில் வங்காளம் பேசுவார்கள்; வாசலைத் தாண்டினால் எல்லாருக்கும் பொது இந்தி. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போர்ட் பிளேர் போக வேண்டும். 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய அந்த நகரத்திலும் பொதுமொழி இந்திதான். வீட்டுத் தமிழ் மட்டும் பழகிய மூன்று வயதுக் குழந்தை இந்திக் கேள்விக்குத் திரும்பிப் பார்க்காவிட்டால், ஆட்டிசமா, மொழி புரியவில்லையா?

நம் நாட்டில் ஆட்டிசம் சான்றிதழுக்கென 2016இல் மத்திய அரசு அறிவித்த அளவுகோலில் 40 கூறுகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை. 106 வரை லேசானது, 153 வரை மிதமானது, அதற்கு மேல் தீவிரம். பேச்சு, மொழி தொடர்பாக மட்டும் 9 கூறுகள். அந்த ஒன்பதும் தப்பாகக் கணிக்கப்பட்டால், 70 என்ற கோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்பதே மாறிவிடக்கூடும்.

அமெரிக்காவில் உருவான 15 கூறு அளவுகோல் ஒன்றில் 30 தொட்டால் ஆட்டிசம். வேலூர் சி.எம்.சி. ஆய்வாளர்கள் அதை இங்குள்ள குழந்தைகளிடம் சோதித்து, நமக்கு 33 பொருத்தம் என்று 2010இல் எழுதினார்கள். இடம் மாறினால் எல்லைக்கோடும் மாறுகிறது. வீட்டு மொழியை மட்டும் ஏன் பொருட்படுத்தாமல் விட வேண்டும்?

அனுபவமுள்ள நிபுணர்கள் மதிப்பெண்ணை மட்டும் நம்புவதில்லை, விளையாட்டையும் கவனிப்பார்கள் என்பது உண்மையே. அப்படிப்பட்டவர் தீவில் எல்லா நாளும் கிடைப்பாரா?

பெற்றோரே, குழந்தை வீட்டில் பேசுவதையும் விளையாடுவதையும் செல்போனில் பதிவுசெய்து கொண்டுபோங்கள். உங்கள் மொழி தெரிந்த ஒருவரை உடன் வைத்துச் சோதிக்கச் சொல்லத் தயங்காதீர்கள். எந்த மொழியில் பேசி மதிப்பிட்டார்கள் என்பதையும் அறிக்கையில் எழுதி வாங்குங்கள்.