பெரிய தேருக்கு ஆயிரம் 'செக்கிங்'... சின்ன சப்பரத்துக்கு? தலைக்கு மேலே 11 ஆயிரம் வோல்ட்!

தஞ்சை, –

பெரிய தேர் ஓடுகிறது என்றால் ஊரே உஷாராகி விடுகிறது. பொதுப்பணித்துறை என்ஜினீயர்கள் வந்து சக்கரத்தையும் அச்சையும் சோதிக்கிறார்கள். 'தேர் உறுதியாக இருக்கிறது' என்று சர்ட்டிபிகேட் கொடுக்கிறார்கள். மின்வாரிய ஊழியர்கள் கம்பத்தில் ஏறி குறுக்கே போகும் கம்பிகளைக் கழற்றுகிறார்கள். தேர் தாண்டும் வரை அந்தத் தெருவில் கரண்ட் 'கட்'. 96 அடி உயர திருவாரூர் ஆழித்தேர் நான்கு வீதியையும் சுற்றி வருகிறதே, அது இப்படித்தான்!

ஆனால் தெருக்கோடியில் இருந்து நள்ளிரவில் புறப்படும் சப்பரம்?

அதை அளந்து பார்க்க டேப்புடன் யாரும் வருவதில்லை.

அதிகாலை 3 மணி

2022-ம் ஆண்டு ஏப்ரல் 27-ந்தேதி. தஞ்சையை அடுத்த களிமேடு கிராமம். அப்பர் சதய விழாவுக்காக ராத்திரி முழுக்க சப்பரம் வீதி உலா வந்தது. மின்விளக்கு அலங்காரம் ஜெகஜ்ஜோதியாக இருந்தது. வீட்டுக்கு வீடு தேங்காய், பழத்தட்டுடன் ஜனங்கள் காத்திருந்தார்கள்.

அதிகாலை 3 மணி சுமாருக்கு, ரோட்டுத் திருப்பத்தில் சப்பரத்தின் உச்சி உயர் அழுத்த மின்கம்பியில் உரசியது. அடுத்த வினாடி சப்பரம் தீப்பிடித்து எரிந்தது. 11 பேர் பலியானார்கள். சிறுவர்களும் அதில் அடக்கம். ரோட்டில் தண்ணீர் தேங்கிக் கிடந்ததால் பலர் சப்பரத்தை விட்டு விலகி நடந்து வந்தார்கள். அதனால் அவர்கள் உயிர் தப்பினார்கள்.

முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் அன்றே நேரில் வந்தார். இறந்தவர்களின் குடும்பத்துக்கு தலா 5 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. வருவாய்த்துறை முதன்மைச் செயலாளரைக் கொண்டு ஒரு நபர் விசாரணைக் குழு போடப்பட்டது. முறைப்படி அனுமதி வாங்கவில்லை என்று அரசு தரப்பில் சொல்லப்பட்டது. ரோடு போட்டுப் போட்டு மேடாகி விட்டது, அதுதான் காரணம் என்றும் பேசப்பட்டது.

எல்லாரும் வந்தார்கள். ஒரு வாரம் முன்னால் ஒரே ஒருவர் வந்திருந்தால்!

கணக்கு இதுதான்

உயர் அழுத்தக் கம்பி ரோட்டைக் குறுக்கே கடக்கும் இடத்தில், தரையில் இருந்து குறைந்தது 6.1 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். அதாவது 20 அடி. ரோட்டோரமாகவே நீளத்துக்குப் போகும் கம்பி என்றால் 5.8 மீட்டர், 19 அடி. இது 1956-ம் ஆண்டு இந்திய மின்சார விதிகளிலேயே இருக்கிறது. அதற்குப் பின் வந்த மத்திய மின்சார ஆணைய ஒழுங்குமுறைகளிலும் தொடர்கிறது.

இப்போது சப்பரத்துக்கு வாருங்கள். டயர் வண்டி 3 அடி என்று வையுங்கள். அதன் மேல் சப்பரம் 10 அடி. அதற்கும் மேலே வளைவு, கும்பம், சீரியல் விளக்குத் தட்டி 5 அடி. ஆக 18 அடி. ரோட்டுக்கு மேலும் மேலும் தார் போட்டால் இடைவெளி இன்னும் குறையும். சித்திரை வெயிலில் கம்பி சூடேறி நீளும், நடுவில் தொய்யும். அதில் கொஞ்சம் போச்சு. திருவிழாக்கள் எல்லாம் வருவதும் அதே சித்திரை, வைகாசியில்தான்.

வீட்டில் வருவது 230 வோல்ட். இந்தக் கம்பியில் ஓடுவது 11 ஆயிரம். இதை நன்றாகத் தொடக்கூட வேண்டாம், ஒட்டினாற்போல் நெருங்கினாலே பாய்ந்து விடும்.

"கம்பியில் பட்டதும் பியூஸ் போயிருக்க வேண்டாமா?" என்று டீக்கடைகளில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். துணை மின்நிலையத்தில் பிரேக்கர் 'டிரிப்' ஆக வேண்டுமானால் நிறைய கரண்ட் பூமிக்குள் இறங்க வேண்டும். ரப்பர் டயர், மரச்சட்டம், தார் ரோடு வழியாக இறங்குவது அந்த அளவுக்கு இல்லாமல் போகலாம். பிரேக்கருக்கு அது கொசுக்கடி. ஆனால் ஒரு 60 வாட் பல்பு இழுப்பது கால் ஆம்பியர். அதில் பாதி நெஞ்சு வழியே பாய்ந்தாலே மனுஷன் காலி!

சட்டம் தூங்கவில்லை

மின்கம்பிக்கு அருகே யாராவது கட்டுமானம் எழுப்பினாலோ, ரோட்டை உயர்த்தினாலோ, அது நிரந்தரமோ தற்காலிகமோ, மின்வாரியத்துக்கும் மின் ஆய்வாளருக்கும் முன்கூட்டியே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். இதுவும் 1956-ம் ஆண்டு விதிதான். ரோடு காண்டிராக்டர் தார் கொட்டும்போது இந்த விதி யாருக்கு ஞாபகம் வருகிறது?

மின் ஆய்வுத்துறை என்று தனியாக ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. தலைமை அலுவலகம் சென்னை கிண்டியில். லிப்ட், சினிமா தியேட்டர், மாடிக் கட்டிடங்கள் என்று அவர்கள் சோதிக்க வேண்டியது ஏராளம். லிப்டுக்கு 1997-ம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் தனிச்சட்டமே உண்டு. லைசென்ஸ் இல்லாமல் லிப்ட் ஓட்டக்கூடாது. லிப்ட் நின்ற இடத்தில் நிற்கும், இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கலாம். சப்பரம் ஒரு ராத்திரிக் கூத்து. மறுநாள் பிரித்துப் போட்டு விடுவார்கள்.

"அட, ஒரு ராத்திரிதானே சார்!" விழாக் குழுக்களின் வழக்கமான பதில் இது.

இது கோவில் சமாசாரம் மட்டும் அல்ல. 2025-ம் ஆண்டு மார்ச் 1-ந்தேதி குமரி மாவட்டம் இனயம் புத்தன்துறையில் அந்தோணியார் ஆலயத் திருவிழா. அலங்கார வேலைக்காகத் தூக்கிப் போன இரும்பு ஏணி மின்கம்பியில் பட்டது. 4 பேர் பலி. மின்கம்பிக்குக் கீழே நீளமான இரும்புக் குழாய், கம்பிகளைக் கொண்டு போவதற்கும் விதியில் தடை இருக்கிறது.

ஜெனரேட்டரும் எமன்தான்

மேலே இருக்கும் கம்பி ஒரு ஆபத்து. கூடவே இழுத்து வரும் ஜெனரேட்டர் இன்னொன்று. நிற்கும் ஜெனரேட்டர் என்றால் இரண்டு இடத்தில் எர்த் போடலாம். நகரும் வண்டிக்கு குழி எங்கே வெட்டுவது? அதனால் பெரும்பாலும் எர்த்தே கிடையாது. சீரியல் செட் ஒயர் இரும்புச் சட்டத்தில் உரசி உரசி தோல் உரிந்து போனால் சப்பரம் முழுக்க கரண்ட். பிடித்துத் தள்ளுபவன் கதி?

இதற்கு வழி உண்டு. ஜெனரேட்டரின் நியூட்ரலை அதன் பாடியோடு இணைத்து, சப்பரத்தின் இரும்புச் சட்டத்தையும் அதோடு சேர்த்துக் கட்டி, விளக்குகளுக்குப் போகும் லைனில் 30 மில்லி ஆம்பியர் இ.எல்.சி.பி. போட்டு விட்டால், கசிவு ஏற்பட்ட கணமே சப்ளை நின்று விடும். லைசென்ஸ் உள்ள ஒயர்மேனுக்கு இது சின்ன வேலை. ஆனால் இந்த இ.எல்.சி.பி. மேலே போகும் 11 ஆயிரம் வோல்ட் கம்பியை ஒன்றும் செய்யாது. அதற்கு ஒரே மருந்து, சப்பரம் தாண்டும் வரை அந்த லைனை ஆப் செய்வதுதான்.

விழா நடத்துகிறவர்கள் சப்பரத்தை முழு அலங்காரத்துடன் தரையில் நிறுத்தி உயரத்தை அளக்க வேண்டும். அந்த உயரத்தையும், போகிற தெருக்களையும், நேரத்தையும் எழுதி மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் ஏ.இ.யிடம் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். கம்பியின் உயரத்தை அளக்கிறேன் என்று யாரும் கழியைத் தூக்கிக் கொண்டு போய்விடக் கூடாது! அது லைன்மேன் வேலை.

கம்பி தாழ்ந்து தொங்குவதைப் பார்த்தால் மின்வாரியத்தின் 'மின்னகம்' போன் 94987 94987. இரவிலும் எடுப்பார்கள்.