சுங்கச் சாவடியும் மோட்டார் வண்டியும்

ஊத்துக்கோட்டைப் பக்கத்து ஜனங்களாகிய நமக்குச் சாவடி என்பது புதிய சங்கதி அல்ல. ஊரைத் தாண்டிச் சிறிது தூரம் போனால் ஆந்திர எல்லை வந்துவிடும். கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே எளாவூரில், வர்த்தக வரிச் சோதனைக்காக லாரிகள் வரிசை வரிசையாகக் காத்துக் கிடந்த காலம் உண்டு. 2017 ஜூலையில் தேசம் முழுவதற்கும் ஒரே வரி அமலுக்கு வந்ததும் அந்தச் சோதனை நின்றது. சாவடி நீங்கினால் என்ன லாபம் என்பதை அதிலிருந்து அறிந்துகொண்டோம். நீங்கிய சாவடி மறுபடியும் முளைத்தால் என்ன நேரும்? இதற்கு விடை காண இங்கிலாந்தைத்தான் பார்க்க வேண்டும்.

1973ல் ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர்ந்த பிரிட்டன், 2016 ஜூன் 23ந் தேதி நடந்த வாக்கெடுப்பின்படி, 2020 ஜனவரி 31ந் தேதி அக்கூட்டத்தை விட்டு விலகியது. அவ்வருஷக் கடைசியில் பொதுச் சந்தை உறவும் அறுந்தது. கூட்டுக் குடும்பத்தில் பாகப் பிரிவினை ஆனது போலத்தான். நிலத்தைப் பங்கிடுவது சுலபம். பொதுக் கிணற்றையும் நடைபாதையையும் பங்கிடுவதிலேதான் தொல்லை.

மோட்டார்த் தொழிலில் அந்த நடைபாதை எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லலாம். ஆக்ஸ்போர்டில் தயாராகும் ‘மினி’ காருக்குரிய கிராங்க் ஷாப்ட் பிரான்ஸில் வார்க்கப்பட்டு, இங்கிலாந்தில் கடையப்பட்டு, ஜெர்மனியில் எஞ்சினில் பொருத்தப்பட்டு, மீண்டும் இங்கிலாந்து வந்து காரில் ஏறியது. ஒரே உறுப்பு மும்முறை கடல் தாண்டியது! வழியில் சாவடி இல்லாததால்தான் இது கட்டுபடியாயிற்று.

விலகிய பிறகு செய்துகொண்ட உடன்படிக்கையில் சுங்க வரி இல்லை என்பது வாஸ்தவமே. ஆனால் அந்தச் சலுகைக்கு ஒரு நிபந்தனை உண்டு. சாதாரணக் காரின் மதிப்பில் நூற்றுக்கு 55 பங்காவது பிரிட்டனிலோ ஐரோப்பிய யூனியனிலோ உண்டானது என்று ருசுப்படுத்த வேண்டும். தவறினால் நூற்றுக்குப் பத்து வரி. மின்சாரக் கார்களின் பாட்டரிகளோ பெரும்பாலும் கீழ்த்திசை நாடுகளிலிருந்து வருபவை. ஆகவே அவற்றுக்குரிய கடுமையான விதி 2026 முடியும் வரை ஒத்திவைக்கப்பட்டது. இங்கிலாந்திலேயே பெரிய பாட்டரித் தொழிற்சாலை கட்டப்போவதாக 2023ல் அறிவித்தவர்கள் யார் தெரியுமா? நம் டாட்டா கம்பெனியார்தாம்!

2016ல் பிரிட்டனில் சுமார் 17 லட்சம் கார்கள் தயாராயின. 2022ல் எட்டு லட்சங்கூட இல்லை. கொள்ளை நோயும் மின்னணுச் சில்லுப் பஞ்சமும் இதற்குப் பெருங்காரணங்கள் என்பதை மறுப்பதற்கில்லை. 2021ல் ஸ்விண்டன் தொழிற்சாலையை மூடிய ஹோண்டா கம்பெனியார், தங்கள் முடிவுக்குப் பிரிட்டனின் விலகல் காரணம் அல்ல என்றே கூறினர். எனினும், நாளைய வழி என்னவென்று தெரியாத இடத்தில் எந்த முதலாளியும் பணம் போடத் தயங்குவான். இந்தத் தயக்கம் எந்த வரிக் கணக்கிலும் ஏறுவதில்லை. தொழிலாளியின் அடுப்பங்கரையில் மட்டுமே தெரியும்.

இதில் நமக்கும் சம்பந்தம் உண்டு. ஜாகுவார் லாண்ட் ரோவர் கம்பெனியை டாட்டா 2008ல் வாங்கியது. 2024 செப்டம்பரில் ராணிப்பேட்டை ஜில்லா பனப்பாக்கத்தில் 9,000 கோடி ரூபாய்த் திட்டமாக டாட்டா மோட்டார் தொழிற்சாலைக்கு அஸ்திவாரம் போடப்பட்டது. 2025 ஜூலை 24ந் தேதி இந்தியாவும் பிரிட்டனும் கையெழுத்திட்ட உடன்படிக்கை, நூற்றுக்கு நூறுக்கு மேலிருந்த கார் வரியைக் குறித்த எண்ணிக்கைக்குப் படிப்படியாகப் பத்தாகக் குறைக்க வகை செய்கிறது. பழைய சந்தையை விட்டவர் புதிய சந்தை தேடியாக வேண்டுமல்லவா?

கூட்டில் சேருவதும் விலகுவதும் சுதந்திர தேசத்தின் பிறப்புரிமை. நம் தேசமும் 2019 நவம்பரில், கிழக்காசிய வர்த்தகக் கூட்டு வேண்டாமென்று பேச்சு வார்த்தையிலிருந்து விலகிக்கொண்டது. ஆனால் உள்ளே நுழையாதிருப்பது வேறு. நாற்பத்தேழு வருஷம் கூடி வாழ்ந்தபின் வெளியேறுவது வேறு. தேர்வாய்கண்டிகையில் டயர் செய்கிறவர்களும், எல்லைக்கு அப்பால் ஸ்ரீசிட்டியில் மோட்டார் வண்டி கோக்கிறவர்களும் ஒரே சாலையின் இரு பக்கத்து ஜனங்கள். சுவர் எழுப்புவதற்கு முன், அந்தச் சாலையில் தினந்தோறும் என்னென்ன போய் வருகிறது என்று எண்ணிப் பார்ப்பதே விவேகம்.