கொலு பார்க்கில் ஒரு சிக்னல்!

எங்கள் மந்தைவெளி வீட்டில் கொலுப் படி அம்மாவின் இலாகா. படிக்குக் கீழே தரையில் போடுகிற 'பார்க்' அப்பாவின் இலாகா. மஹாளய அமாவாசைக்கு நாலு நாள் முன்பே மண் பரப்பி, கடுகும் கேழ்வரகும் தூவி விடுவார். நவராத்திரி பிறக்கும்போது குட்டி வயல் தயார்! முகம் பார்க்கும் கண்ணாடிதான் குளம். சாயம் போட்ட மரத்தூள் புல்வெளி. காய வைத்த காபிச் சக்கை, தார் ரோடு. முச்சந்தியில் கை நீட்டியபடி ஒரு மண் போலீஸ்காரர்.

அப்பா போய்விட்டார். போன வருஷம் கொலு கிடையாது. இந்த வருஷம் அம்மா படி கட்டினாள். "பார்க்?" என்றேன்.

"வேண்டாம்டா. அப்பா கை உனக்கு வராது. நீ பி.காம்."

பி.காமுக்கும் பார்க்குக்கும் என்ன சார் சம்பந்தம்? ரோஷம் வந்துவிட்டது. அப்பா செய்யாத ஒன்றைச் செய்து காட்டுவது என்று முடிவு. எரிந்து அணையும் டிராஃபிக் சிக்னல்!

ரெடிமேட் சீரியல் லைட் வாங்கி மாட்டலாமே என்பீர்கள். மாட்டலாம். அப்பா பக்கத்தில் கூட வரமாட்டார்.

பறக்கும் ரயில் ஏறி சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, மவுண்ட் ரோடைத் தாண்டி ரிச்சி தெரு. ரெசிஸ்டரைக் கடலை மாதிரி அளந்து கொடுக்கிறார்கள்.

"பையனுக்கு பிராஜெக்டா சார்?"

எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. "ஆமாங்க, எட்டாங்கிளாஸ்" என்றேன்.

"கெப்பாசிட்டர்ல கோடு போட்ட பக்கம் மைனஸ். தம்பிகிட்ட மறக்காம சொல்லுங்க."

சொன்னேன், எனக்கு நானே.

விஷயம் இதுதான். 555 என்று ஒரு ஐ.சி. எட்டுக் கால் பூச்சி. ஹான்ஸ் கமென்சின்ட் என்ற ஸ்விஸ்காரர் 1971-ல் அமெரிக்காவில் வடிவமைத்தது. கெப்பாசிட்டர் நிரம்புவதையும் வடிவதையும் காவல் காத்து, ஒரு காலில் கரண்டை விடும், நிறுத்தும். அவ்வளவுதான் உத்தியோகம். 1 கிலோ ஓம், 68 கிலோ ஓம், 10 மைக்ரோஃபாரட் போட்டால் ஏறக்குறைய விநாடிக்கு ஒரு தரம். ஐம்பது வருஷம் தாண்டியும் விற்கிறது. நம் ஆபீசில் எவருக்கும் இத்தனை சர்வீஸ் கிடையாது!

முதல் நாள்: 9 வோல்ட் பேட்டரியில் எல்.இ.டி.யை நேராக வைத்தேன். ஒரு பளிச், அதோடு சரி. நடுவில் 330 ஓம் போட்டிருக்க வேண்டும்.

இரண்டாம் நாள் எல்லாம் சரி, ஆனால் மினுக்கவில்லை. ராத்திரி ஒரு மணிக்குத்தான் புரிந்தது. ஐ.சி.யின் கால்களை இடப்பக்கம் மேலிருந்து கீழே 1, 2, 3, 4 என்றும், வலப்பக்கம் கீழிருந்து மேலே 5, 6, 7, 8 என்றும் எண்ண வேண்டுமாம். நான் பாலன்ஸ் ஷீட் மாதிரி இரண்டு பக்கமும் மேலிருந்து எண்ணியிருக்கிறேன்! அம்மா சொன்ன பி.காம் சம்பந்தம் இதுதான் போலிருக்கிறது.

கோவை ஜி.டி. நாயுடு இளம் வயதில் ஹோட்டல் வேலை பார்த்துச் சேர்த்த காசில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கி, பிரித்துப் பிரித்துப் பூட்டியே மெஷின் கற்றார். நான் பிரித்தால் எப்போதும் ஒரு ஸ்குரூ மிச்சம். இந்த ஆசாமிகளுக்கு இப்போது 'மேக்கர்' என்று பட்டம். அமெரிக்காவில் 2005-ல் அவர்களுக்கென்றே ஒரு பத்திரிகை, 2006-ல் திருவிழா. ஐ.ஐ.டி. மெட்ராஸில் 2008 முதல் மாணவர்களுக்கென்றே ஒரு பட்டறை. மந்தைவெளிச் சந்துகளிலோ புரட்டாசிக்குப் புரட்டாசி, பட்டம் ஏதும் இல்லாமல், ஊதுபத்தி அட்டையில் கோயில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்றாம் நாள் புது ஐ.சி. (என்னை எனக்குத் தெரியுமாதலால் ஐந்து வாங்கியிருந்தேன்.) சிவப்பு... பச்சை... சிவப்பு... பச்சை!

அம்மா விளக்கேற்ற வந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். போச்சுடா என்று நினைத்தேன்.

பழைய டிரங்குப் பெட்டி திறக்கும் சத்தம். திரும்பி வந்தவள் கையில் வைக்கோல் ஒட்டிய மண் போலீஸ்காரர். புடவைத் தலைப்பால் துடைத்து சிக்னலுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.

"பாவம், இத்தனை வருஷமா கையை நீட்டிண்டே நின்னார்" என்றாள்.