சிரட்டைக்கரிக்குள் மின்சாரம்

தீர்ந்துபோன டோர்ச் பற்றரியை என்ன செய்வீர்கள்? குப்பையில் போட்டுவிடுவீர்கள். 1990களில் கிளிநொச்சி, முல்லைத்தீவு வீடுகளில் அதை அவ்வளவு சுலபமாக எறிய மனம் வராது. மின்சாரம் இல்லை. பற்றரியோ அரசாங்கம் வன்னிக்குள் கொண்டுபோகத் தடுத்த பொருட்களில் ஒன்று. 2002 ஜனவரியில் தடை தளர்த்தப்படும்வரை, சைக்கிளைக் கவிழ்த்துவைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோ மின்சாரத்தில் மற்றவர்கள் வானொலிச் செய்தி கேட்டார்கள். செத்த பற்றரியை வெயிலில் வைத்தார்கள். துளையிட்டு உப்புத் தண்ணீரும் விட்டார்கள். கொஞ்ச நேரத்துக்கு அது மறுபடி வேலை செய்யும்.

காரணம் இதுதான். பற்றரியின் நடுவே இருப்பது கரிக்கோல். அதைச் சுற்றியுள்ள கறுப்பு மாவிலும் மங்கனீசுச் சேர்வையோடு கரித்தூள் கலந்திருக்கிறது. கரைவது வெளியே உள்ள துத்தநாகக் கூடு, காய்வது உள்ளேயுள்ள பசை. கரி மின்சாரத்தைக் கடத்துமே தவிரத் தேய்வதில்லை. ஈரம் திரும்பியதும் மிச்சத் துத்தநாகம் கொஞ்சம் உழைக்கும். (இன்று இதைச் செய்துபார்க்க வேண்டாம். கசியும் நீர் தோலைப் புண்ணாக்கும்.)

இதுவரை கடத்த மட்டும் உதவிய கரி, இப்போது மின்சாரத்தைத் தானே பிடித்துவைக்கவும் பயன்படுகிறது. அதுவும் எந்தக் கரி? நம் உம்மாமார் ஸ்திரிக்கைப் பெட்டிக்குள் போட்ட சிரட்டைக்கரி! அதை ஏறக்குறைய 900 பாகை செல்சியஸ் சூட்டில் நீராவியால் வாட்டினால் கண்ணுக்கே தெரியாத துளைகள் விழும். தலைமுடியின் தடிப்பில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு அகலம்தான் அவற்றுக்கு. அப்படி வாட்டிய ஒரு கிராம் கரியின் உட்பரப்பை விரித்தால் 1000 சதுர மீற்றருக்கு மேல் வரும். கிட்டத்தட்ட 40 பேர்ச் வளவு! அந்தப் பரப்பெங்கும் மின்னேற்றம் ஒட்டிக்கொள்கிறது. இதுதான் மீமின்தேக்கி. சில விநாடிகளில் நிரம்பும், லட்சக்கணக்கான தடவை நிரப்பலாம். 2006இல் ஷாங்காய் நகரில், தரிப்பிடத்தில் ஆட்கள் ஏறி இறங்கும் நேரத்துக்குள் மின்னேற்றிக்கொள்ளும் பஸ்களை இதைக்கொண்டே ஓடவிட்டார்கள்.

பளைத் தேங்காய்ச் சிரட்டையும் இதற்கு ஆகும். ஆனால், குழியில் புகையவிட்டு எடுத்த கரியை அப்படியே போட முடியாது. சாம்பலும் உப்புகளும் போகக் கழுவிச் சுத்தம்செய்ய வேண்டும், செலவெல்லாம் அங்கேதான். கரியாக விற்றால் கிடைப்பது சொற்பம். இன்னொன்று: மீமின்தேக்கி டோர்ச் பற்றரிக்கு மாற்று அல்ல. அதே எடையில் பற்றரி வைத்திருக்கும் சக்தியில் சிறு பங்கைத்தான் இது தாங்கும். சும்மா வைத்திருந்தாலும் சீக்கிரம் இறங்கிவிடும்.