படிவத்தில் இல்லாத வினா: ஓர்லிகோன் குடித்தொகையும் தமிழரும்

சூரிச் நகரின் வடபால் நெருங்கிக் கிடக்கும் ஓர்லிகோனை இன்று காண்போர், அது ஒருகால் சிற்றூராக இருந்தது என்பதை எளிதில் நம்பார். சுவாமெண்டிங்கன் ஊராட்சியின் ஒரு பகுதியாக உழவர் வாழ்ந்த இடம் அது. 1855இல் இருப்புப்பாதை வந்தது. 1872இல் தனி ஊராட்சியாயிற்று. 1876இல் இயந்திரத் தொழிற்சாலை எழுந்தது. 1934 சனவரி முதல் நாள் அவ்வூராட்சி சூரிச் நகருடன் இணைந்து மறைந்தது. தனியூராக அது வாழ்ந்த காலம் அறுபது ஆண்டுக்குச் சற்று மேல்.

இங்கு வாழும் தமிழர் எத்தனை பேர் என்ற வினாவுக்கு அரச ஏடுகளில் நேரடி விடை இல்லை. 1850 முதல் நடைபெறும் சுவிற்சர்லாந்துக் குடிசன மதிப்பீடு குடியுரிமையையும் சமயத்தையும் வினவும், 1880 முதல் ஒவ்வொருவரின் மொழியையும் வினவும், இனத்தை வினவாது. இலங்கையில் நிலைமை நேர்மாறு. அங்கு 1911ஆம் ஆண்டு மதிப்பீடு இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் எனத் தமிழரையே இரண்டாகப் பகுத்தது. அப்பகுப்பு பின்னர் அரசியலில் எவ்வாறு பயன்பட்டது என்பதை அறிந்த எவரும் இங்கும் இனக்கணக்கு வேண்டும் என்று எளிதில் கேட்கமாட்டார். யானும் கேட்கவில்லை.

ஆயினும் இதனால் விளையும் பிழையொன்றைச் சுட்டவேண்டும். சுவிஸ் குடியுரிமை பெற்ற தமிழர் சுவிஸ் மக்களாகவே எண்ணப்படுவர். ஆகவே இலங்கைக் குடியுரிமையாளர் தொகை குறைவதைக் கண்டு தமிழர் தொகை குறைந்தது எனக் கொள்ளலாகாது. அத்தொகையுள் சிங்களவரும் முஸ்லிம்களும் அடங்குவர் என்பதும் மறக்கப்படுகிறது. நாடு முழுவதற்கும் ஏறத்தாழ 50,000 என ஆய்வாளர் வழங்கும் எண் மதிப்பீடே. 2010 முதல் பதிவேடுகளும் ஆண்டுதோறும் எடுக்கப்படும் மாதிரி அளவீடும் பழைய முறைக்கு ஈடாக வந்துள்ளன. ஒருவர் மூன்று மொழிகள் வரை முதன்மை மொழியாகக் குறிக்கலாம் என்பது நமக்கு நன்மையே. ஆனால் ஓர்லிகோன் போன்ற ஒரு பகுதிக்கு மாதிரி அளவீடு நுண்மையாகப் பேசாது.

சுவிஸ் கடவுச்சீட்டில் பிறந்த இடம் இல்லை. ஹைமாட்ஓர்ட் எனப்படும் உரிமையூரே உண்டு. முன்னோர் வழி வரும் அவ்வூரைச் சிலர் கண்ணாலும் கண்டிரார். கொழும்பிற் பிறந்தும் தம்மை வேலணையார், கரவெட்டியார் என்னும் நம்மவருக்கு இது புதிதன்று. ஓர்லிகோனில் வாழ்ந்து குடியுரிமை பெறும் தமிழ்க் குடும்பத்தின் உரிமையூர் சூரிச் என்றே எழுதப்படும்.

இந்நிலையில் நம்மிடம் உள்ள சிறந்த மூலம், வியப்பாகத் தோன்றினும், மரண அறிவித்தல்களே. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன நகரை வதிவிடமாகவும் கொண்டவர் என்னும் வாய்பாடு, எந்த ஊரார் எங்குச் சென்று குடியேறினர் என்பதை எந்த அரச ஏட்டினும் தெளிவாகக் காட்டும். மணமான பெண்களின் பிறந்த ஊரும் புகுந்த ஊரும் அதிற் பலகால் சேர்ந்து வரும். கோயில் உபயப் பட்டியல்களும் தமிழ்ப் பள்ளி மாணவர் பதிவேடுகளும் இதற்குத் துணையாகும். அறிவித்தல்கள் பெரும்பாலும் இணையத்தில் வெளிவருவதால் காலப்போக்கில் அழிந்துபோகக்கூடும். 1980களில் வந்த தலைமுறையின் அறிவித்தல்கள் இப்போதுதான் மிகுதியாக வரத் தொடங்கியுள்ளன. அவற்றைச் சேர்க்கும் பணியை ஏதேனும் ஒரு நூலகம் இப்போதே ஏற்றல் வேண்டும்.